தீமோத்தேயுவின் பயத்துக்கு யார் பொறுப்பு?

என் அக்காவுக்கு அது முதன்முதலாக வந்தது ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவில். பிரசங்கம் பாதியில் இருந்தது. நெஞ்சு படபடவென அடித்தது, கைவிரல்கள் மரத்துப்போயின, மூச்சு உள்ளே போகவில்லை. இந்த நிமிடமே சாகப்போகிறோம் என்று நினைத்தாளாம். எழுந்து வெளியே வந்து கோயில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். நாகர்கோவிலில் ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், தைராய்டுக்கு ரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது முறையும் வந்தபின் மனநல மருத்துவரிடம் போனாள். அவர் இது பதற்ற நோய் என்று விளக்கி மாத்திரை எழுதினார். வேலை செய்யத் தொடங்கச் சில வாரம் ஆகும், இடையில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரை கேட்கத் தொடங்கிய சமயத்தில் வீட்டுக்கு ஜெபிக்க ஓர் ஊழியர் வந்தார். நல்ல மனிதர். பஸ்ஸுக்குக் காசில்லாதவர்களுக்குத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர். மேசைமேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். "விசுவாசிக்கு இது எதுக்கும்மா? பயம் இருக்கிற இடத்துல விசுவாசம் இருக்காது" என்றார். அன்றிரவே அக்கா மாத்திரையை நிறுத்தினாள். நான்காம் நாள் தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு. இந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு இப்படி முறையிடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. எங்கள் வீட்டில் அதற்கு வேறு விளக்கம் கிடைத்தது. பயத்தின் ஆவி போகமாட்டேன் என்று போராடுகிறதாம்.

அந்த ஊழியர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தாக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கன்வென்ஷன் பந்தல்களிலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களிலும், காலையில் கைபேசியில் வந்து விழும் வாக்குத்தத்தச் செய்திகளிலும் நாம் கேட்டுக் கேட்டு உண்மையென்றே எடுத்துக்கொண்ட கருத்து அது. பயம் விசுவாசக் குறைவின் அடையாளம். கவலை கட்டளையை மீறும் பாவம். பதற்றம் ஓர் ஆவி, அதைக் கடிந்துகொண்டால் ஓடிவிடும். ஓடவில்லையென்றால் குறை ஜெபித்தவரிடம் இல்லை, ஜெபிக்கப்பட்டவளிடம் இருக்கிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நான் மறுக்கிறேன். திருவிருந்துக்கு முழங்காலிடுகிற ஒரு கிறிஸ்தவ ஆளாகவே, வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுக்கிறேன். விசுவாசம் பயத்தை வெல்ல உதவும் என்பதை நான் நம்புகிறேன். விசுவாசம் இருந்தால் பயமே வராது என்பது வேறு விஷயம். அது வேதத்தில் இல்லை.

இந்தப் போதனைக்கு அஸ்திவாரமாக எப்போதும் காட்டப்படுவது பவுல் தன் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம், 7ஆம் வசனம். கடவுள் நமக்குக் கொடுத்தது எப்படிப்பட்ட ஆவி, எப்படிப்பட்டதல்ல என்று பவுல் அங்கே சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே வரும் சொல் 'பயமுள்ள ஆவி'. புதிய ஏற்பாட்டில் பயத்துக்கு வழக்கமாக வருகிற கிரேக்கச் சொல் 'ஃபோபோஸ்'. இங்கே அது இல்லை. இங்கிருப்பது 'தெய்லியா', போர்க்களத்தில் தோழர்களை விட்டுவிட்டு ஓடுகிறவனின் குணத்தைச் சொல்லும் சொல். தமிழில் கோழைத்தனம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த இடத்தில் கோழை என்ற சொல்லையே எடுத்துக்கொண்டது. அடுத்த வசனத்தைப் படித்தால் சங்கதி இன்னும் தெளிவாகும். சிறையிலிருக்கும் என்னைக் குறித்து வெட்கப்படாதே, நற்செய்திக்காக வரும் துன்பத்தில் எனக்குத் துணை நில் என்கிறார் பவுல். நெருக்கடியில் நண்பனைக் கைவிடுவதைப் பற்றிய பேச்சு அது. நெஞ்சு படபடப்பதைப் பற்றியதல்ல.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழில் ஆவி என்றால் கடவுளின் ஆவியும் ஆவிதான், மனிதனின் உள்ளமும் ஆவிதான், இட்லிப் பானையில் எழுவதும் ஆவிதான், புளியமரத்தில் இருப்பதாக ஊர் நம்புவதும் ஆவிதான். கிரேக்கத்தில் மனப்பாங்கு என்ற பொருளில் வந்த ஒன்று தமிழ்க் காதில் விழும்போது ஆளைப் பிடிக்கிற ஒன்றாகிவிடுகிறது. 'பயமுள்ள ஆவி' மேடையில் 'பயத்தின் ஆவி' ஆனது. பிறகு அதற்குக் குணம் வந்தது, பிடிவாதம் வந்தது, கட்டளையிட்டால் கேட்கும் காதும் வந்தது. ஒரு சொல்லின் பொருள் வழுக்கியதால், நோயுற்ற பெண்கள் தலைமுடியைப் பிடித்து உலுக்கப்படுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது பயம் குறைந்திருக்கவில்லை. தன்னுள் ஏதோ குடியிருக்கிறது என்ற புதிய பயம் ஒன்று கூடியிருந்தது.

இதைவிடக் கொடியதாகப் பயன்படும் வசனம் ஒன்று உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில், அக்கினிக் கடலில் பங்கடைகிறவர்களின் பட்டியலில் முதலில் நிற்பவர்கள் பழைய மொழிபெயர்ப்பில் 'பயப்படுகிறவர்கள்'. பதற்ற நோயுள்ள ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் வேதத்தைத் திறந்து இந்த வரியில் கண்வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். என் அக்கா அப்படித்தான் வைத்தாள். இங்கேயும் மூலத்தில் இருப்பது அதே கோழைகள்தான். மிருகத்தை வணங்கினால் பிழைக்கலாம், மறுத்தால் சாவு என்ற நிலையில் நின்ற சபைகளுக்கு எழுதப்பட்ட புத்தகம் அது. உயிருக்காகச் சகோதரரைக் காட்டிக்கொடுத்து விலகிப்போனவர்களை அந்தச் சொல் சுட்டுகிறது. சரி, உண்மையான கோழைத்தனத்தையே எடுத்துக்கொள்வோம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி மூன்றுமுறை மறுதலித்த பேதுருவைவிடப் பெரிய கோழை யார்? அவரை இயேசு என்ன செய்தார்? யோவான் 21ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். திபேரியா கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

பரிபூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவானின் முதல் நிருபம் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். சொல்கிறது. எந்தப் பயத்தை என்று முந்தின வசனமும் அந்த வசனமுமே சொல்லிவிடுகின்றன. நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய பயம், தண்டனையைப் பற்றிய பயம். கடவுள் அடித்துவிடுவார் என்று நடுங்காதே, அவர் உன்னை நேசிக்கிறார் என்று ஆறுதல் சொல்ல எழுதப்பட்ட வரிகள் அவை. அந்த வரிகளையே எடுத்து, நீ பயப்படுகிறாயே, அப்படியானால் உன்னிடம் அன்பு பூரணப்படவில்லை, உன் இரட்சிப்பையே சோதித்துப் பார் என்று ஒருத்தியை மிரட்டுகிறவர், யோவான் துரத்த நினைத்த அதே பயத்தை அவள் வீட்டுக்குள் அழைத்து வருகிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேதத்தில் 'பயப்படாதே' சரியாக 365 முறை வருகிறது, ஒரு நாளைக்கு ஒன்று என்பது மேடைகளில் மிகப் பிரபலமான தகவல். எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் அந்த எண்ணை எட்டியதில்லை. அஞ்சாதே, கலங்காதே என்று ஒத்த சொற்களையெல்லாம் சேர்த்தாலும் அதில் பாதிகூடத் தேறாது. எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சொல் யாருக்குச் சொல்லப்பட்டது என்பது. வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுத ஆகாருக்கு. தேவதூதனைக் கண்டு கலங்கிய மரியாளுக்கு. இரவில் மந்தை காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு. கொரிந்துவில் பேசவே தயங்கிய பவுலுக்கு. எல்லாரும் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்கள். இருட்டில் அலறி எழுந்த குழந்தையை அள்ளி மார்போடு அணைத்து "பயப்படாத, அம்மா இருக்கேன்ல" என்று சொல்கிற தாய் அங்கே ஒரு சட்டம் போடுவதில்லை. குழந்தை இன்னும் விசும்பினால் அவள் அதைக் கீழே இறக்கிவிடுவதுமில்லை. வேதத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் வருவது நான் உன்னோடிருக்கிறேன் என்ற காரணம். நாம் காரணத்தை வெட்டிவிட்டுக் கட்டளையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கவலையைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதனால் சற்று நின்று பேசுகிறேன். ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்ற அறிவுரை பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுதியவர் விலங்கில் இருந்தார். அங்கே வரும் வினைச்சொல் 'மெரிம்னாவோ'. மலைப்பிரசங்கத்தில் உணவுக்காகவும் உடைக்காகவும் கவலைப்படாதீர்கள் என்று இயேசு சொல்லும் இடத்திலும் அதே வினைதான். ஆக, அந்த வினையே பாவம் என்று தோன்றும். ஆனால் இரண்டே அதிகாரம் பின்னால் போனால், அதே நிருபத்தில், பவுல் ஒருவரைப் புகழ்வதற்கு அதே வினையைப் பயன்படுத்துகிறார். உங்களுக்காக இவனைப்போல உண்மையாய்க் கவலைப்படுகிறவன் வேறு யாரும் என்னிடத்தில் இல்லை என்ற கருத்தில் எழுதுகிறார். புகழப்பட்டவர் தீமோத்தேயு. கொரிந்தியருக்கு எழுதும்போது, சபையின் உறுப்புகள் ஒன்றுக்காக ஒன்று அதே விதமாய்க் கவலைப்படவேண்டும் என்கிறார். தன்னை நாள்தோறும் அழுத்துவது எல்லாச் சபைகளையும் குறித்த கவலை என்று தன் துன்பங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துச் சொல்கிறார். அங்கும் அதே சொல்லின் பெயர் வடிவம்தான்.

அப்படியானால் பவுல் தான் கொடுத்த கட்டளையைத் தானே மீறினாரா? இல்லை. உன் பாரத்தை நீ ஒருவனாகவே சுமந்து மூழ்காதே என்று ஆறுதல் சொல்கிறார். அந்த ஆறுதலைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறவர்கள் நாம். அந்த நிருபத்திலேயே எப்பாப்பிரோதீத்து என்ற நண்பன் நோயுற்று மரணத்தருகே போய்ப் பிழைத்த கதை வருகிறது. அவன் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று மறைக்காமல் எழுதுகிறார். அவனை உங்களிடம் அனுப்பிவைத்தால் என் துக்கம் குறையும் என்கிறார். குறையும் என்றுதான் சொல்கிறார். தீரும் என்று சொல்லவில்லை. சந்தோஷத்தின் நிருபம் என்று நாம் கொண்டாடும் அந்தச் சின்னப் புத்தகத்துக்குள் இதெல்லாம் இருக்கிறது.

பயமே விசுவாசமின்மை என்றால், கெத்செமனேயை என்ன செய்வது? மாற்கு அங்கே எழுதியது மிகக் கடுமையான சொற்கள். திகைப்பும் மனக்கலக்கமும் இயேசுவைப் பிடித்தன என்கிறார். தன் ஆத்துமா சாகும் அளவுக்குத் துயரப்படுகிறது என்று அவரே மூன்று சீடர்களிடம் சொல்கிறார். என்னோடு விழித்திருங்கள் என்று கெஞ்சுகிறார். எபிரெயருக்கு எழுதிய நிருபம் அவருடைய பலத்த சத்தத்தையும் கண்ணீரையும் நினைவுகூர்கிறது. தரையில் விழுந்து, இது என்னைவிட்டு நீங்கட்டும் என்று ஒரே வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் செய்த ஒருவரைப் பார்த்து, விசுவாசம் போதவில்லை என்று எந்த ஊழியர் சொல்லத் துணிவார்? ஆனால் அதே நடுக்கம் நம் சபையின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வந்தால் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். கெத்செமனேயில் நடுக்கம் எப்போது நின்றது என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. அவர் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை நோக்கி நடந்தார் என்று மட்டும் சொல்கிறது. பயத்தை மேற்கொள்வது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் அந்த நடையைத்தான் காட்டுவேன்.

வேத காலத்து ஆட்கள் வேறு, நாம் வேறு என்பவர்களுக்காகப் பிரசங்கிகளின் உலகத்திலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். சார்ல்ஸ் ஸ்பர்ஜன் பெயரைக் கேட்காத போதகர் நம்மிடையே குறைவு. அவருடைய பிரசங்கங்களிலிருந்து எடுத்தாளாத கன்வென்ஷன் அதைவிடக் குறைவு. 1856 அக்டோபர் 19, ஞாயிறு மாலை. லண்டனில் சர்ரே கார்டன்ஸ் என்ற இடத்து இசை அரங்கில் ஆயிரக்கணக்கானோர் அவருடைய பிரசங்கம் கேட்க நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை நடுவில் யாரோ தீ என்று கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. ஆனால் கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்தது. 7 பேர் மிதிபட்டுச் செத்தார்கள், பலர் படுகாயமடைந்தார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறந்து ஒரு மாதம். அவரைத் தாங்கிப் பிடித்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். நாள்கணக்கில் அழுதார், யாரோடும் பேச முடியவில்லை, புத்தி பேதலித்துவிடுமோ என்ற நிலைக்குப் போனார். இரண்டு வாரத்தில் பிரசங்க பீடத்துக்குத் திரும்பினார் என்பதை மட்டும் நம் மேடைகளில் சொல்வார்கள். அந்த இருள் அவரை விடவில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். 1892இல் பிரான்ஸின் மென்டோன் நகரத்தில் சாகும்வரை அது விட்டுவிட்டு வந்தது.

ஸ்பர்ஜன் அதை மறைக்கவில்லை. தன் கல்லூரியில் போதகராகப் பயிலும் மாணவர்களுக்கு அவர் நடத்திய விரிவுரைகளில் ஒன்று முழுக்க ஊழியர்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றியது. சிலருக்கு அது உடல் அமைப்பிலேயே இருக்கிறது என்றார். ஒரே அறையில் அடைந்து கிடப்பதும் ஓய்வில்லாமல் உழைப்பதும் அதைக் கூட்டும் என்றார். காற்றையும் காட்டையும் மலைநடையையும் மருந்தாகச் சொன்னார். காரணமே தெரியாமலும் வரும், அதற்காக உன்னை நீ குற்றப்படுத்திக்கொள்ளாதே என்ற தொனி அந்த விரிவுரை முழுக்க ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் பிரசங்கி தன் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரைச் சொல்லிப் பிரசங்கிக்கிற நாம் இதை ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை?

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரையும் ஒரு வார்த்தையில் நினைத்துக்கொள்கிறேன். 1933 ஜனவரி 15 அன்று பெர்லினில், புயலில் சிக்கிய படகின் கதையை எடுத்துக்கொண்டு பயத்தை மேற்கொள்வது பற்றிப் பிரசங்கித்தார். அதற்குப் பதினைந்து நாள் கழித்து ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பதினோரு ஆண்டு கழித்து, டேகல் சிறையிலிருந்து அதே போன்ஹோஃபர் 'நான் யார்' என்றொரு கவிதை எழுதினார். காவலர்கள் காணும் கலங்காத மனிதனும், உள்ளுக்குள் அலைக்கழியும் மனிதனும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி அது. பயத்தைப் பற்றிப் பிரசங்கித்தவருக்கும் பயம் இருந்தது. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்குமேடைக்குப் போன நாள்வரை அவர் தன் சாட்சியிலிருந்து விலகவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஜெபத்தில் விடுதலை பெற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பொய்யா? இல்லை. பொய் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. ஒரே ஒரு ஜெபத்தில் வருஷக்கணக்கான கலக்கம் நீங்கி நிம்மதியாகத் தூங்கினவர்களை நானும் அறிவேன். அவர்களோடு சேர்ந்து நன்றி சொல்லியிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். சாட்சி சொல்லும் நேரத்தில் ஒலிவாங்கி யாரிடம் போகிறது? நீங்கினவர்களிடம் மட்டும். ஆறு மாதத்தில் அது திரும்பி வந்தவரிடம் யாரும் மறுபடி ஒலிவாங்கியைக் கொடுப்பதில்லை. ஐந்து வருஷமாக ஜெபித்தும் மாறாதவர் வாய் திறப்பதே இல்லை. திறந்தால் சபைக்கு அவமானம், தன் விசுவாசத்துக்கும் அவமானம் என்று நினைக்கிறார். சங்கீத புத்தகத்தைத் தொகுத்தவர்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரியை ஒட்டவைத்துச் சரிசெய்ய யாரும் முயலவில்லை. அதையும் ஆராதனைப் பாட்டாகவே வைத்திருந்தார்கள்.

மருந்தைப் பற்றிய வாதம் இதைவிட எளிதில் உடையும். பதற்றம் தாக்கும்போது உடம்பில் நடப்பது என்னவென்று மருத்துவம் விளக்கமாகவே சொல்கிறது. ஆபத்து என்ற தவறான சமிக்ஞையால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகி ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் விரல்கள் மரக்கின்றன. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை விட்டுவிடு, விசுவாசி என்று சொல்ல நம் போதகர்களில் அநேகர் இன்று துணியமாட்டார்கள். கணையம் பாவம் செய்யாது என்று தெரியும். மூளையும் ஓர் உறுப்புதான் என்பது மட்டும் ஏனோ மறந்துபோகிறது. சில பதற்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். ஜெபிக்கப் போன வீட்டில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் எதைக் கையில் எடுக்கிறார் என்று தெரிந்துதான் எடுக்கிறாரா? 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் சிகிச்சை பெறவில்லை என்று கண்டது. அந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றாகச் சபை இருக்கக்கூடாது.

இருக்கவேண்டிய தேவையும் இல்லை. நம் மரபு வேறு. 1900இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கட்டர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனை தொடங்கியது ஜெபத்தை நம்பாததால் அல்ல. அந்த மருத்துவமனை 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தை நிறுவி, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கியிருந்து பராமரிக்கும் முறையை வளர்த்தது. ஜெபிக்கத் தெரிந்தவர்கள் கட்டியது அது. அதற்கு முன்னாலேயே, பவுலுடன் பயணம் செய்த லூக்கா ஒரு மருத்துவர்.

தீமோத்தேயுவிடமே திரும்பி வருகிறேன். 'பயமுள்ள ஆவி' வசனத்தைப் பெற்றவர் அவர்தானே. அவருக்கு வயிற்றுக் கோளாறு இருந்தது, அடிக்கடி உடம்புக்கு முடியாமலும் போனது. தன் கைக்குட்டையைக் கொண்டுபோய் நோயாளிகள்மேல் வைத்ததும் அவர்கள் குணமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லும் அதே பவுல், தன் உத்தம குமாரன் என்று அழைத்த தீமோத்தேயுவுக்குக் கைக்குட்டை அனுப்பவில்லை. உன் விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காதே, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று அன்றைய வைத்தியத்தை எழுதினார். தீமோத்தேயுவின் கண்ணீரையும் பவுல் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது, நாம் மேடையில் முழங்கும் வசனத்துக்கு மூன்றே வசனம் முன்னால்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரம், 10ஆம் வசனம். பயணத் திட்டங்களும் வாழ்த்துகளும் நிறைந்த பகுதி, யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. அங்கே பவுல் சபையாரிடம் சொல்கிறார்: தீமோத்தேயு உங்களிடம் வந்தால், அவன் பயமில்லாமல் இருக்கும்படி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் சொல்லில் 'ஃபோபோஸ்' தான் இருக்கிறது, சாதாரண மனிதப் பயம். பயமில்லாமல் இரு என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர் பயப்படாமல் இருக்கும் பொறுப்பைக் கொரிந்து சபையின் தலையில் வைத்தார். அவனை ஒருவனும் அற்பமாய் எண்ணவேண்டாம், சமாதானத்தோடு வழியனுப்புங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் முதன்முதலாக இந்த வசனத்தைக் கவனித்துப் படித்த அன்று வெகுநேரம் வேதத்தை மூட முடியவில்லை. அக்காவின் வீட்டில் நாங்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, உன் விசுவாசம் எங்கே என்பது. பவுல் கேட்டிருந்தால் எங்களைத்தான் கேட்டிருப்பார், உங்கள் நடுவில் இருக்கும் இவள் ஏன் இப்படிப் பயந்துகொண்டிருக்கிறாள் என்று. பயந்தவளைச் சபை நடுவில் எழுந்து நிற்கச் சொன்ன கூட்டம், அவள் மாத்திரை அட்டையை ஜெபக் குறிப்பாக்கி நாலு வீட்டுக்குச் சொன்ன கூட்டம், சுகமாகாததற்கு மறைவான பாவம் ஏதும் இருக்கிறதா என்று புருஷனைத் தனியே கூப்பிட்டு விசாரித்த கூட்டம். இதில் நானும் இருந்தேன். நானும் அவளிடம், "கொஞ்சம் விசுவாசமா இரு, அக்கா" என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

விசுவாசம் பயத்துக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். 56ஆம் சங்கீதத்தில் தாவீது ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார், நான் பயப்படும் நாளில் உம்மை நம்புவேன் என்ற பொருளில். பயம் போனபிறகு நம்புவேன் என்று ஒத்திவைக்கவில்லை. நடுக்கத்தில் இருக்கும்போது பேச ஒரு முகம் இருப்பது, மூன்று மணிக்கு விழித்துக்கொண்டவளுக்கு வாயில் வர ஒரு சங்கீதம் இருப்பது, நான் நோயாளி மட்டுமில்லை, நேசிக்கப்படுகிறவள் என்று தெரிந்திருப்பது, இவை எந்த மருந்துச் சீட்டிலும் வராத பலம். எலியா சூரைச்செடியின் கீழ் செத்தால் போதும் என்று படுத்துவிட்டபோது தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பிக் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். அவர் சாப்பிட்டு மறுபடி தூங்கினார். இரண்டாம் முறையும் அதேதான். பயணம் உன் பலத்துக்கு மிஞ்சினது என்று தூதன் ஒத்துக்கொண்டான். ஓரேபில் கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, நாற்பது நாள் நடந்தபிறகு. அங்கிருந்து இறங்கும்போது எலிசா என்றொரு துணையும் கிடைத்தது. ஊணும் உறக்கமும் கூட ஓர் ஆளும் கடவுளின் குரலுக்குப் போட்டியாக அந்தக் கதையில் வரவில்லை.

அக்கா மறுபடி மருத்துவரிடம் போக நாலு மாதம் ஆனது. அவர் திட்டவில்லை, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். கோயிலுக்குப் போகத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆராதனை நடுவில் மறுபடி வந்துவிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று. அடுத்த தெருவில் ஒரு கிழவி இருக்கிறார். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், பெண்கள் ஐக்கியத்தில் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை. ஒரு ஞாயிறு காலையில் அவராகவே வீட்டுக்கு வந்து அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எப்போதும் முன்வரிசையில் உட்காருகிறவர் அன்றைக்குக் கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "நாம இந்தக் கதவுப் பக்கமே இருப்போம் மக்களே. எழும்பணும்னு தோணுச்சுன்னா சொல்லு, நானும் கூட வாறேன்" என்றார்.

முதல் மாதத்தில் அவர்கள் இரண்டு முறை எழுந்து வெளியே போனார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு சீராகும்வரை இருந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறுவதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். இப்போதும் அந்தப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.